ஐம்பத்திரண்டு வயதில் ஓர் அண்ணன்

ஐம்பத்திரண்டாவது வயதில் இசக்கித்துரைக்கு ஓர் அண்ணன் பிறந்துவிட்டார். பிறந்தபோதே அண்ணனுக்கு வயது ஐம்பத்து நான்கு. பிறந்த இடம், சென்னைக் கம்பெனித் தீர்ப்பாயத்தில் இசக்கித்துரை போட்டிருந்த மனுவின் ஏழாவது பத்தி, மூன்றாவது வரி. "மனுதாரரின் எல்டர் பிரதரான துரைப்பாண்டி" என்று அங்கே இங்கிலீஷில் அச்சாகியிருந்தது. பக்கத்தின் அடியில் இசக்கித்துரையின் கையெழுத்து இருந்தது. அதற்கும் அடியில் "சரியான மொழிபெயர்ப்பு" என்ற முத்திரை. முத்திரைக்குள் மாலாவின் கையெழுத்து.

மாலா அந்த வரியை மூன்று முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு நான்காவது முறையும் படித்தாள். அண்ணன் போகவில்லை.

"நான் இப்படி எழுதலியே, வக்கீலம்மா" என்றாள்.

"நீங்க எழுதாம அது தானா முளைச்சுச்சாக்கும்?" என்றாள் வேல்விழி. அவள்தான் இசக்கித்துரையின் வக்கீல். காலையிலிருந்து அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், கடைசியில் சிரிப்பு ஜெயித்துக்கொண்டிருந்த முகம்.

சங்கரன்கோவில் கோர்ட்டுக்கு எதிர் வரிசையில் இருக்கிறது மாலா டைப்பிங் சென்டர். பத்திரம், நோட்டீஸ், வாக்குமூலம் என்று தமிழில் எது வந்தாலும் அதை இங்கிலீஷாக்கி முத்திரை குத்திக் கொடுப்பது மாலாவின் தொழில். ஊரில் அந்த முத்திரை உள்ளவள் அவள் ஒருத்திதான். ஆகவே வழக்குப் போட்டவரும் அங்கேதான் வருவார், வழக்கில் மாட்டியவரும் அங்கேதான் வருவார். ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஃபேன் காற்றில் காத்திருப்பார்கள்.

அந்த பெஞ்சில் இப்போது இசக்கித்துரை உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் கூடப் பொறந்தது ரெண்டே பொம்பளைப் புள்ளைக, தங்கச்சி" என்றார் மாலாவிடம். "துரைப்பாண்டி அண்ணாச்சிக்கும் எனக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அவரு பனவடலிசத்திரம், நான் மேலநீலிதநல்லூர். ஒரு கல்யாணத்துலகூட சம்பந்தம் கலந்தது கிடையாது."

இல்லாத அண்ணன் ஒருவர் காகிதத்தில் வந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். இங்கே கெட்டுப்போகும். எப்படி என்பது ஒரு அழகான கணக்கு. கூட்டல்கூட வேண்டாம், விரல் விட்டு எண்ணினாலே போதும்.

ஏழு தறிக்காரர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். ஏழிழை டெக்ஸ்டைல்ஸ் லிமிடெட். ஆளுக்குச் சமமான பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம் ரோட்டில் ஒரு பெரிய ஷெட் போட்டு, ஏழு பேரும் தங்கள் விசைத்தறிகளை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். நிர்வாக இயக்குநர் துரைப்பாண்டி. ஒரு நாள் அவர், அந்த ஷெட்டை இருபது வருஷத்துக்குத் தன் சொந்த நிறுவனத்துக்கே குத்தகைக்கு விடலாம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறினால் மற்றவர்கள் தறியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு நான்கு, எதிர்ப்பு மூன்று. நிறைவேறியது என்று துரைப்பாண்டி அறிவித்தார்.

கம்பெனிச் சட்டம் இந்த இடத்தில் ஒரு குட்டிக் கதவு வைத்திருக்கிறது. தனக்கு லாபமான ஒப்பந்தத்துக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது. தன் மனைவி, பிள்ளை, தாய், தகப்பன், உடன்பிறந்தவர்களும் போடக் கூடாது. இதைப் பிடித்துக்கொண்டுதான் இசக்கித்துரை வழக்குப் போட்டார். துரைப்பாண்டியின் சொந்த ஓட்டை நீக்குங்கள். நீக்கினால் மூன்றுக்கு மூன்று. சமமாக நின்றால் தீர்மானம் நிறைவேறாது. இரண்டு வருஷமாக வழக்கு இந்த ஒற்றைக் காலில்தான் நின்றுகொண்டிருந்தது, அதுவும் திடமாக.

போன வாரம் துரைப்பாண்டியின் சென்னை வக்கீல் கோகுல் எழுந்து, "சரி, என் கட்சிக்காரரின் ஓட்டை நீக்கிவிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். வேல்விழிக்கு ஆனந்தம். உடனே அவர், "அப்படியே அவருடைய தம்பியின் ஓட்டையும் நீக்கிவிடுங்கள்" என்றாராம். எந்தத் தம்பி என்று நீதிபதி கேட்க, கோகுல் ஏழாவது பத்தியை வாசித்திருக்கிறார். மனுதாரரே தன் வாயால் சொல்கிறார், துரைப்பாண்டி என் அண்ணன் என்று. அப்படியானால் இசக்கித்துரை போட்ட எதிர்ப்பு ஓட்டு செல்லாது. ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு. தீர்மானம் நிறைவேறியது, வணக்கம்.

"ரெண்டு வருஷமா அந்த வரியைப் பாத்துட்டு, வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கான் அந்த மனுசன்" என்றாள் வேல்விழி. "எல்லாப் பதிலும் போட்டு முடியட்டும், கடைசி விசாரணைக்குத் தேதி விழட்டும்னு காத்துக்கிட்டே இருந்திருக்கான்."

"அப்பா பேரு வேற வேறயா இருக்கே?" என்றாள் மாலா. "மனுவோட முதப் பக்கத்துலயே இருக்குல்லா?"

"அதையும் கேட்டேன். அம்மா ஒண்ணா இருக்கலாமேங்கான். சட்டத்துல அப்படிப் பொறந்தாலும் அண்ணன் தம்பிதானாம்."

தன் அம்மாவின் பேச்சு வந்ததும் இசக்கித்துரை எழுந்து நின்றுவிட்டார். எழுந்த வேகத்தில் பெஞ்சின் மறுமுனை குடை சாய்ந்து, அங்கே வைத்திருந்த மாலாவின் ஸ்டேப்ளர் தரைக்குப் பறந்தது.

மாலாவுக்கு ஒன்று எப்படி நடந்தது என்று தெரியாமல் சோறு இறங்காது. அன்று மாலைக்குள் அண்ணன் பிறந்த விதத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய கணினியில் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. தமிழ்ச் சொல் ஒன்று, அதற்கு நேரே இங்கிலீஷ் சொல் ஒன்று. கிரயம், வாரிசு, வில்லங்கம் என்று ஆயிரத்துக்கும் மேலே. மொழிபெயர்ப்பு மென்பொருள் முதல் வரைவைப் போடும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொற்களை மாற்றிக்கொள்ளும். பிறகு மாலா வரிவரியாகத் திருத்துவாள். பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

அண்ணாச்சி — எல்டர் பிரதர்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாகப்பிரிவினை வழக்கு வந்தது. ஐந்து ஆண் மக்கள், ஒரு தென்னந்தோப்பு. அவர்கள் ஒருவரையொருவர் அண்ணாச்சி என்று சொன்னது நிஜ உறவில். அப்போது ஏற்றியது. வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. இசக்கித்துரை வந்து "துரைப்பாண்டி அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டாரு" என்று வாக்குமூலம் சொன்னார். இயந்திரம் அவருக்கு ஓர் அண்ணனைக் கொடுத்துவிட்டது.

சரி, திருத்தும்போது கண்ணில் படவில்லையா? இதுதான் வேடிக்கை. சங்கரன்கோவில்காரர் யார் அந்த வரியை வாசித்தாலும், எல்டர் பிரதர் என்று கண் பார்க்கும், அண்ணாச்சி என்று காது கேட்கும், அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். மாலா படித்தாள், போய்விட்டாள். வேல்விழி படித்தாள், போய்விட்டாள். இசக்கித்துரை படித்துப் பார்த்து, "சரியா இருக்கு தங்கச்சி" என்று கையெழுத்துப் போட்டார். அவர் அண்ணாச்சியை அண்ணாச்சி என்றுதானே போட்டிருக்கிறது!

"பொறந்த விதம் தெரிஞ்சிட்டு" என்றாள் மாலா. "இனி வரியைத் திருத்திக் குடுத்தாப் போதும்லா?"

வேல்விழி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கனதான் சிக்கலே, மாலாக்கா."

தறி தெரிந்தவர்களுக்கு இதை ஒரே நொடியில் விளங்க வைக்கலாம். நீளவாட்டு இழைகளான பாவை ஏற்றி, நெய்யத் தொடங்கிய பிறகு, இன்னும் நூறு இழை சேர்க்க வேண்டும் என்றால் தறிக்காரர் விரட்டிவிடுவார். பாவு முழுவதையும் இறக்கி மறுபடி கோக்க வேண்டும். வழக்கும் அப்படித்தான். மனு, பதில், அதற்குப் பதில் என்று எல்லாம் கோத்து முடித்து, இறுதி விசாரணை என்ற தறி ஓட ஆரம்பித்த பிறகு, மனுவைத் திருத்த வேண்டும் என்று போய் நின்றால் தீர்ப்பாயம் முதலில் ஒரு கேள்வி கேட்கும். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? கவனமாக இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்காதா? அடுத்து, இன்னொரு கேள்வி. இப்போது திருத்தினால் எதிராளிக்கு என்ன நஷ்டம்? புதிய காகிதம் வந்தால் அவர் பதில் போட வேண்டும், புதிய சாட்சி வந்தால் அவர் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும், தறி நிற்கும். அதற்கு இடம் கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் ஓடும் தறியில் ஓர் இழை அறுந்தால்? இரண்டு விரலால் முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்டலாம். அதற்கு யாரும் பாவை இறக்கச் சொல்வதில்லை.

ஆகவே புதிர் இதுதான். இசக்கித்துரைக்கு அண்ணன் இல்லை என்பதைக் காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் கூடாது, ரேஷன் கார்டு கூடாது, சாட்சி கூடாது. ஏற்கெனவே தீர்ப்பாயத்தில் இருக்கும் காகிதங்களை மட்டும் வைத்துக் காட்ட வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். குத்தகைக்குத் தீர்ப்பாயம் போட்டிருந்த இடைக்காலத் தடை அன்றோடு முடிகிறது. இவர்கள் பேசிக்கொண்டிருந்ததோ செவ்வாய்க்கிழமை மாலையில்.

"எங்க அம்மையை ஒரு வார்த்தை கேட்டாப் போதாதா?" என்று இசக்கித்துரை போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில், மேலநீலிதநல்லூரில், அவர் அம்மா வள்ளித்தாய்.

"ஏலே இசக்கி" என்று குரல் வந்தது. "நான் பெத்தது எனக்குத் தெரியாமலா பெத்தேன்? எவம்லே சொன்னது? அந்தக் கோர்ட்டுக்காரன் கையில போனைக் குடு!"

"அம்மா, இங்கன கோர்ட்டுக்காரர் இல்ல, டைப்பிங் சென்டரு."

"அப்ப டைப்பிங்காரன் கையில குடு!"

மாலா மேஜைக்குக் கீழே குனிந்து ஸ்டேப்ளரைத் தேடுவதுபோல் பாவனை செய்தாள். வேல்விழி வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டாள். வள்ளித்தாய் சாட்சிக்கு வந்தால் வழக்கு ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அது புது சாட்சி. கோகுல் இரண்டு மாதம் அவகாசம் கேட்பார். அதற்குள் ஷெட் போய்விடும்.

புதன்கிழமை முழுவதும் வேல்விழி திருத்த மனுவை எழுதி எழுதிக் கிழித்தாள். தட்டச்சுப் பிழை என்று எழுதினாள். ஒவ்வொரு பக்கமும் வாசித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்பார்கள். இயந்திரத்தின் பிழை என்று எழுதினாள். இயந்திரத்தை வைத்திருந்தது யார் என்பார்கள். மாலா தன் பங்குக்கு வழக்கின் நான்கு தொகுதிக் காகிதங்களையும் ஸ்கேன் செய்த கோப்பில் தேடிப் பார்த்தாள். ஸ்கேன் என்பது படம். படத்துக்குள் கணினியால் சொல் தேட முடியாது. எண்ணூற்றுச் சொச்சம் பக்கத்தையும் கண்ணால்தான் தேட வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் அவளுக்குக் கண் எரிந்தது. முகம்மது சாதிக்கின் பிரியாணிக் கடைக்குப் போனாள்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம். ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. கோவிலுக்கு வந்தவர்கள் விரதத்தில் இருந்தார்கள். விரதத்தில் இல்லாதவர்கள் மொத்தப் பேரும் சாதிக்கின் கடையில் இருந்தார்கள். மாலாவுக்குக் கிடைத்தது மூலையில் ஒரே ஒரு நாற்காலி. எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவர் துரைப்பாண்டி. மட்டன் சுக்காவில் முழுக் கவனமாக இருந்தார். பின்னாலேயே உள்ளே வந்த இசக்கித்துரைக்கும் ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சம். துரைப்பாண்டிக்குப் பக்கத்தில்.

கடையே ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தியது. வழக்கு ஊருக்கே தெரியும்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றார் துரைப்பாண்டி.

"இருக்கட்டும் அண்ணாச்சி, நீங்க சாப்பிடுங்க."

"அட உக்காருங்கன்னா. கோர்ட்டு கோர்ட்டோட. சோத்துல என்ன பகை? சாதிக் அண்ணாச்சி, நம்ம இசக்கி அண்ணாச்சிக்கு ஒரு இலை போடுங்க!"

"இன்னா வாரேன் அண்ணாச்சி!" என்று சாதிக் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். "ஏய் அண்ணாச்சி, அந்தத் தண்ணியை இங்கன தள்ளுங்க!" இது பரிமாறுகிறவரிடம். பரிமாறுகிறவர் சாதிக்கைவிட இருபது வயது இளையவர். "பார்சல் ரெடியா அண்ணாச்சி?" இது வாசலில் நின்ற ஒரு போலீஸ்காரர்.

மாலா அசட்டையாக எண்ண ஆரம்பித்தாள். எதையாவது எண்ணுவது அவள் பழக்கம். ஏழு, எட்டு, ஒன்பது. பதினோராவது அண்ணாச்சியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய இயந்திரத்தை இங்கே கொண்டுவந்து வைத்தால், இந்தக் கடையில் உள்ள அத்தனை பேரும் ஒரே வயிற்றில் பிறந்துவிடுவார்கள். வள்ளித்தாய் பாவம். துரைப்பாண்டி அண்ணன், இசக்கித்துரை அண்ணன், சாதிக் அண்ணன், போலீஸ்காரர் அண்ணன். இயந்திரத்துக்கு ஆள் பார்த்து நடக்கத் தெரியாது. கையில் வருகிற எல்லோரையும் அது—

கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

எல்லோரையும்!

துரைப்பாண்டியும் அதே பெஞ்சில் உட்கார்ந்தவர்தானே? அவருடைய தமிழ்க் காகிதமும் அதே இயந்திரத்துக்குள் போய்த்தானே வந்தது?

"அக்கா, சாப்பாடு?" என்று சாதிக் கேட்பதற்குள் மாலா ரோட்டில் இருந்தாள். கைகூடக் கழுவவில்லை. கூட்டத்தில் முட்டி மோதி, ஒரு பலூன்காரரின் பாதிப் பலூன்களை இழுத்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று சொல்லி, சொன்னதும் அதற்கே மறுபடி சிரித்து, வேல்விழியின் ஆபீஸ் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள்.

"துரைப்பாண்டி கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்பினாருல்லா?" என்று மூச்சிரைத்தாள். "அதை யாரு கோர்ட்டுல போட்டா?"

"அவங்கதான். முறைப்படி ஆறு பேருக்கும் கடிதம் போட்டோம்னு காட்டுறதுக்கு. மூணாம் தொகுதி. எதுக்கு?"

"எடுங்க! நீங்க எடுங்க, என் கையெல்லாம் பிரியாணி!"

மூன்றாம் தொகுதி, நூற்று முப்பத்தொன்றாம் பக்கம். மற்ற ஆறு பங்குதாரர்களுக்கும் துரைப்பாண்டி தமிழில் எழுதிய ஆறு கடிதங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் இங்கிலீஷ். ஒவ்வொன்றிலும் மாலாவின் முத்திரை. எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேறு. வேல்விழி முதல் கடிதத்தை வாசித்தாள்.

"அன்புள்ள இசக்கித்துரை அண்ணாச்சி அவர்களுக்கு..." எதிர்ப்பக்கம். "டியர் எல்டர் பிரதர் இசக்கித்துரை."

அவள் கண் விரிந்தது. அடுத்த பக்கம். டியர் எல்டர் பிரதர் சிவனாண்டி. அடுத்தது. டியர் எல்டர் பிரதர் மாரிக்கண்ணன். அடுத்தது, அடுத்தது. கடைசிக் கடிதம் பொன்செல்விக்கு. ஏழு பேரில் அவர் ஒருவர்தான் பெண். அன்புள்ள பொன்செல்வி அக்கா. டியர் எல்டர் சிஸ்டர்.

"அஞ்சு அண்ணன்!" என்றாள் வேல்விழி.

"ஒரு அக்கா!" என்றாள் மாலா.

"ஆறு பேரும் கூடப்பொறந்தவங்க!"

"அப்ப எத்தனை ஓட்டு செல்லும்?"

வேல்விழி விரல் விட்டு எண்ணப் பார்த்தாள். எண்ணுவதற்கு விரலே தேவைப்படவில்லை. இரண்டு பேரும் அந்த மாடி ஆபீஸில், ஒருத்தி கையில் தொகுதியோடும் இன்னொருத்தி பிரியாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டும், சிரித்துச் சிரித்து நாற்காலியில் சரிந்தார்கள். கீழே தறி போட்டிருக்கும் வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று மேலே எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று சொல்லப்போய், மாலாவால் அதை முடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை, காணொளியில். நீதிபதி சென்னையில். அவர் வடக்கத்தியர், தமிழ் தெரியாது. கோகுலும் சென்னையில். வேல்விழியும் மாலாவும் மாடி ஆபீஸில் ஒரு கணினிக்கு முன்னால். துரைப்பாண்டி தன் வீட்டிலிருந்து திரையின் ஒரு கட்டத்துக்குள் தெரிந்தார், பின்னால் காலண்டர். இசக்கித்துரை ராஜபாளையம் ரோட்டு ஷெட்டிலிருந்து போன் வழியாக வந்தார். அவருக்குத் தறியை விட்டு வர மனமில்லை.

அங்கே நடந்தது முழுக்க இங்கிலீஷ். சாரம் இது.

கோகுல் நிதானமாக ஆரம்பித்தார். இரண்டு வருஷம் தூங்கிவிட்டு, இறுதி விசாரணை நாளில் மனுவைத் திருத்தக் கேட்கிறார்கள். ஒப்புக்கொண்டதைப் பின்வாங்கப் பார்க்கிறார்கள். அண்ணன் இல்லை என்று காட்ட ஒரு காகிதம் உண்டா? இனிமேல் கொண்டுவந்தால் பதில் சொல்ல எனக்கு அவகாசம் வேண்டும்.

"காகிதம் எதுவும் கொண்டுவரப் போவதில்லை" என்றாள் வேல்விழி. "சாட்சியும் கிடையாது, வாய்தாவும் வேண்டாம். தாமதம் எங்கள் பக்கம்தான், மறுக்கவில்லை. மூன்றாம் தொகுதி, நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தை மட்டும் பார்க்க வேண்டுகிறேன். அது எதிர்மனுதாரர் தாக்கல் செய்த காகிதம்."

நீதிபதி பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். பிறகு வேகமாகத் திருப்ப ஆரம்பித்தார். கண்ணாடிக்கு மேலாகக் கேமராவைப் பார்த்தார்.

"மிஸ்டர் கோகுல், உங்கள் கட்சிக்காரருக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்?"

கோகுல் தன் பிரதியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் பதில் சொல்வதற்குள் திரையில் திடீரென்று டடக் டடக் டடக் என்று சத்தம். இசக்கித்துரையின் மைக் திறந்துகொண்டு, பின்னால் ஓடும் தறிகள் எல்லாம் தீர்ப்பாயத்துக்குள் வந்துவிட்டன. யார் பேசினாலும் யாருக்கும் கேட்கவில்லை. அப்போது துரைப்பாண்டி தன் மைக்கைத் திறந்து, பழக்கதோஷத்தில், ஊருக்கே கேட்கும்படி ஒரு சத்தம் போட்டார்.

"அண்ணாச்சி! உங்க மைக்கு ஓடுது! தறிச் சத்தம் கேக்கு!"

"சரிங்க அண்ணாச்சி!" என்றார் இசக்கித்துரை. சத்தம் நின்றது.

நீதிபதி முன்னால் சாய்ந்தார். அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கோகுலைக் கேட்டார். தயவுசெய்து சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

மாலா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கோகுல் நிற்கும் இடம் எவ்வளவு குறுகலானது என்று அவளுக்குத் தெரியும். மொழிபெயர்ப்பது அவள் தொழில் அல்லவா. அண்ணாச்சி என்பதை ஐயா என்று சொன்னால், ஏழாவது பத்தியிலும் அது ஐயாதான். அண்ணன் என்று சொன்னால், ஐம்பத்து நான்கு வயதுக்காரர் ஐம்பத்திரண்டு வயதுக்காரருக்குத் தம்பி ஆவார். அதே மூச்சில் ஐம்பத்திரண்டு வயதுக்காரரும் மற்றவருக்குத் தம்பி ஆவார். இருவருமே ஒருவருக்கொருவர் மூத்தவர்.

கோகுல் தண்ணீர் குடித்தார். நல்ல வக்கீல், பொய் சொல்லவில்லை. "மரியாதைக்காகக் கூப்பிடும் சொல், மை லார்ட்" என்றார், சின்னச் சிரிப்போடு. "அந்தப் பக்கத்தில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்."

நீதிபதியும் சிரித்துவிட்டார். துரைப்பாண்டி மட்டும், என்ன நடந்தது என்று புரியாமல், காலண்டருக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

உத்தரவை அங்கேயே சொன்னார்கள். மாலா அதைச் சுடச்சுடக் குறித்துக்கொண்டாள். மாலையில் தன் சொற்பட்டியலைத் திறந்து, அண்ணாச்சி என்பதற்கு நேரே இருந்ததை அழித்துவிட்டு, அண்ணாச்சி என்றே இங்கிலீஷ் எழுத்தில் ஏற்றி வைத்தாள்.

உத்தரவு இதுதான். ஏழாவது பத்தியில் "எல்டர் பிரதர்" என்பதை நீக்கி, "அண்ணாச்சி" என்று அப்படியே போட அனுமதி. திருத்தம் தாமதமானதுதான், ஆனாலும் அதற்குப் புதிய காகிதம் வேண்டியதில்லை, புதிய சாட்சி வேண்டியதில்லை, அதனால் யாருக்கும் நஷ்டமும் இல்லை. ஏனென்றால் அந்தச் சொல்லை மரியாதை என்று எடுத்துக்கொண்டால் ஓட்டு மூன்றுக்கு மூன்று, தீர்மானம் நிறைவேறவில்லை. உறவு என்று எடுத்துக்கொண்டால் ஆறு பேருமே உடன்பிறந்தவர்கள், ஓட்டு பூஜ்யத்துக்குப் பூஜ்யம், அப்போதும் தீர்மானம் நிறைவேறவில்லை.